வெர்மீர்கிட்ட வெளிச்சத்தை மட்டும் வாங்குங்க

பழைய ஓவியத்துல நம்ம வீட்டு ஆளுங்க முகத்தை போட்டோஷாப்ல பொருத்தி பிரேம் போட்டு கிப்டா குடுக்குறது இப்போ நிறைய நடக்குது. அதை தப்புன்னு சொல்ல மாட்டேன். ராஜஸ்தான்ல நாத்வாராவுல நூறு வருஷத்துக்கு முன்னாடியே பக்தர்களோட போட்டோவுல முகத்தை மட்டும் வெட்டி ஒட்டிட்டு, உடம்பையும் அங்க இருக்குற கிருஷ்ணர் ஸ்ரீநாத்ஜியையும் பிரஷ்ஷால வரைஞ்சு குடுத்திருக்காங்க. மனோரத படம்னு அதுக்கு பேரே. சாமி முன்னாடி நானும் நிக்கணும்ங்கற மனசு, அதுல என்ன தப்பு இருக்கு?

எனக்கு கோவம் வர்றது முகத்தை வெளுக்க வைக்கிறதுக்குத்தான்.

அம்மாவோட அறுபதாவது பிறந்தநாளுக்கு, டச்சு ஓவியர் வெர்மீரோட முத்துக்காதணி போட்ட பொண்ணு ஓவியத்துல அம்மா முகத்தை வெச்சு தரச்சொல்லி ஒரு ஸ்டூடியோல குடுத்திருந்தேன். வந்த படத்தை பார்த்துட்டு அம்மா "இது யாருடா?"ன்னு கேட்டாங்க. ரோஸ் கலர் கன்னம், சுருக்கம் ஒண்ணு கூட இல்ல, மூக்குத்தியையும் அழிச்சிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, எங்கம்மா கறுப்பு, அந்த கறுப்புல என்ன குறைன்னு இதை எடுத்தாங்கன்னு அதையேதான் யோசிச்சுக்கிட்டு கிடந்தேன்.

அப்புறம் நானே உக்காந்தேன். ஓவியம் இருக்கிறது நெதர்லாந்துல ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹௌஸ் மியூசியத்துல, 1665 வாக்குல வரைஞ்சது, பெரிய சைஸ் படம் நெட்ல இலவசமாவே கிடைக்குது. இறக்கி ஜூம் பண்ணி பார்த்தப்போதான் மனுஷன் என்ன பண்ணிருக்கார்னே புரிஞ்சுது. மூக்குத்தண்டுக்கும் வெளிச்சம் படுற கன்னத்துக்கும் நடுவுல கோடே கிடையாது! ரெண்டும் ஒரே வெளிச்சத்துல கரைஞ்சு போயிருக்கு. நம்ம போட்டோவுல மூக்கு பளிச்சுன்னு தனியா தெரியும், அதை அப்படியே கொண்டுபோய் வெச்சா ஸ்டிக்கர் மாதிரிதான் இருக்கும், வெட்டின ஓரத்தை எவ்வளவு பெதர் பண்ணி மங்கலாக்கினாலும், ஓரத்தை மறைக்கிற மாஸ்க்கை எவ்வளவு தேய்ச்சாலும் ஒட்டாது.

அதனால கல்யாணத்துல பிளாஷ் போட்டு எடுத்த படத்தையெல்லாம் தூக்கி வெச்சிட்டு புதுசாவே எடுத்தேன். லைட்டெல்லாம் அணைச்சிட்டு, எனக்கு இடது பக்கம் ஜன்னல் வர்ற மாதிரி அம்மாவை உக்கார வெச்சு, இடது தோளுக்கு மேல திரும்பி என்னைப் பாக்க சொன்னேன். பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடுச்சு.

கலருக்கு, ஒரு படத்தோட கலரை இன்னொண்ணுக்கு தானா கொண்டுவர்ற மேட்ச் கலர் போட்டா சாப்ட்வேரும் வெளுக்கத்தான் வெச்சது. அதுக்கு எது தோல், எது வெளிச்சம்னு தெரியாதே. அதை எடுத்துட்டு, அம்மா தோலோட கலரை அப்படியே விட்டு, எங்க வெளிச்சம் ஏறணும் எங்க நிழல் இறங்கணும்ங்கறதை மட்டும், வெளிச்சத்தை கூட்டிக் குறைக்கிற கர்வ்ஸ்ல ஓவியத்தைப் பார்த்து பார்த்து சரிபண்ணேன். தாடைக்கு கீழ கொஞ்சமா தெரியுற கழுத்தையும் அம்மா கலருக்கு மாத்தணும், நிறைய பேர் மறக்குற இடம் இது. ஓவியம் பூரா மெல்லிசா வெடிப்பு ஓடுது இல்லையா, அதை நெத்தி, கன்னத்துல இருந்து மட்டும் எடுத்து அம்மா முகத்துக்கு மேல, ரெண்டு படத்தையும் மெல்லிசா கலக்குற சாப்ட் லைட்ல போட்டேன், கண்ணுகிட்ட எடுத்தா அந்த பொண்ணோட இமையும் சேர்ந்து வந்துடும்.

கடைசியா மூக்குத்தி. போட்டோவுல இருந்தது கல்லு கல்லா ரொம்ப ஷார்ப்பா இருந்துச்சு. முத்தை எப்படி போட்டிருக்கார்னு திரும்ப ஜூம் பண்ணேன். மேல ஒரு வெள்ளை, கீழ காலரோட பிரதிபலிப்பா மங்கலா இன்னொண்ணு, அவ்வளவுதான், மாட்ட கொக்கி கூட வரையல. நானும் பிரஷ் எடுத்து ரெண்டே புள்ளி வெச்சேன்.

ஆர்டர் எடுத்து இந்த வேலை பண்றவங்ககிட்ட கேக்குறேன், கஸ்டமர் கேக்காம யாரையும் வெளுக்க வைக்காதீங்க, கேட்டாலும் ஒரு தடவை அசல் நிறத்துலயே பண்ணிக் காட்டுங்க.

ஒரிஜினல் சைஸ்லயே, 44.5க்கு 39 சென்டிமீட்டர், பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டியிருக்கோம். மாட்டின அன்னிக்கு அம்மா கிட்ட போய் ரொம்ப நேரம் நின்னு பார்த்தாங்க. அப்புறம் தன்னோட மூக்குத்தியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கிட்டாங்க.