ஒரு சொல்லை எடுத்துவிட்டு நட்ட தூண்

கனடா போய்வந்த எல்லாரும் நயாகரா படம்தான் போடுவார்கள். நான் போடுவது ஒரு புல்வெளி. "அக்கா, 800 கிலோமீற்றர் ஓடிப்போய்ப் புல்லையா பார்க்கப் போறம்?" என்று புறுபுறுத்தபடியேதான் ஸ்காபரோவில் இருக்கும் தம்பி கியூபெக் நகரத்துக்குக் கார் ஓட்டினான்.

ஆபிரகாம் சமவெளி என்று பெயர். பைபிள் ஆபிரகாம் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் காணி வைத்திருந்த ஆபிரகாம் மார்ட்டின். 1759 செப்டெம்பர் 13 காலை, ஆற்றங்கரைச் செங்குத்தில் இருட்டோடு ஏறிவந்த பிரித்தானியப் படை, பிரெஞ்சுப் படையை அங்கேதான் தோற்கடித்தது. அரை மணித்தியாலச் சண்டைகூட இல்லை. வென்ற வூல்ஃப், தோற்ற மொங்காம், இரண்டு தளபதிகளும் பட்ட காயத்தில் செத்துப்போனார்கள். 1908இல் அந்த இடத்தைப் போர்க்களப் பூங்காவாக்கினார்கள். இப்போது சனம் நாயோடு நடக்கிறது, பாய் விரித்துப் படுக்கிறது. நாங்களும் மட்டன் ரோல்ஸைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

அருங்காட்சியகத்தில் 1759இன் தோல்வியோடு, 1760 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர் செயின்ற்-ஃபுவாவில் திருப்பி அடித்து வென்றதும் இருக்கிறது. வென்றும் நகரம் கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் உதவிக் கப்பலைப் பார்த்திருக்க, மே மாதம் ஆற்றில் முதலில் வந்த கப்பல் பிரித்தானியருடையது.

என்னை நிறுத்தியது வெளியே இருந்த வூல்ஃப் தூண். 'வூல்ஃப் இங்கே வெற்றியோடு மாண்டார்' என்று முன்பு எழுதியிருந்ததாம். 1963இல், பிரெஞ்சு பேசும் கியூபெக்குக்குத் தனிநாடு கேட்ட பிரிவினைவாதிகள் அதைத் தகர்த்தார்கள். திரும்ப நட்டபோது 'வெற்றியோடு' என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். இறந்தார், இந்தத் திகதி.

ஊருக்குள் இன்னொரு தூண், 1820களிலேயே இரண்டு தளபதிகளுக்கும் சேர்த்து எழுப்பியது. சிங்கள மன்னன் துட்டகைமுனு, தான் போரில் கொன்ற தமிழ் மன்னன் எல்லாளனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, அதைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வைத்தான் என்று மகாவம்சமே சொல்கிறதே, அதை நினைத்துக்கொண்டேன். அந்த மரியாதையை எங்கே தொலைத்தோம்?

கியூபெக் ஒன்றும் சொர்க்கமில்லை. அந்தச் சண்டையின் 250ஆம் ஆண்டுக்கு, ஆட்களுக்குச் சீருடை போட்டு அதைத் திரும்ப நடித்துக் காட்டத் திட்டமிட்டு, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். அது 2009 பெப்ரவரி. அந்த மாதம் நாங்கள் எங்கே நின்றோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்களிடம் போர்க்களங்களுக்குக் குறைவில்லை. ஆனையிறவில், படையின் வெற்றிச் சின்னத்தில் நாலு கைகள் இலங்கைப் படத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன. புதுக்குடியிருப்பில் துப்பாக்கியோடு ஒரு கற்சிப்பாய். இறந்த புலிகளைப் புதைத்த கோப்பாய் துயிலும் இல்லத்தை இடித்து, அதன்மேல் படைமுகாம் கட்டினார்கள். தோற்றவனின் தாயும் வந்து உட்காரக்கூடிய ஒரு வாங்கு எங்கேயும் இல்லை. நாங்கள் மட்டும் என்ன? இயக்கம் பிடித்துக்கொண்டுபோய்ச் சேர்த்த பிள்ளைகளைப் பற்றி இன்னும் குரலைத் தாழ்த்தித்தானே கதைக்கிறோம்.

திரும்பி வந்த கிழமை வெள்ளவத்தையில் ஓட்டோ பிடித்தேன். யாழ்ப்பாணத்துப் பாதை பற்றிய கதை, ஆனையிறவு வந்தது. ஓட்டுநர் சிங்களவர். அண்ணன் 2000இல், படை அந்த முகாமை விட்டுப் பின்வாங்கிய நேரத்தில் அங்கே செத்தாராம்.

"ஒருக்கா போனேன் மிஸ். அந்தச் சிலை ஜெயிச்ச கதை சொல்லுது. எங்கட அண்ணா செத்தது தோத்த வருசம். பூவை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்ல, திரும்பக் கொண்டுவந்திட்டேன்" என்றார் சிங்களத்தில்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வூல்ஃப் தூண் கதையைச் சொன்னேன்.

"அரசாங்கமேவா அந்தச் சொல்லை எடுத்தது?"

"ஓம்."

பம்பலப்பிட்டிச் சந்தி வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு பெற்றோல் விலையைத் திட்டத் தொடங்கினார்.