வெட்டரன் என்றால் வயசாளி இல்லை

'வெட்டரன்' (veteran) என்ற இங்கிலீஷ் சொல்லைத் தமிழாக்கும்போது கை தானாக 'மூத்த' என்று தட்டிவிடுகிறது. கும்பகோணத்து ஃபிளெக்ஸ் கடையிலும் இதுதான், செய்தி மேசையிலும் இதுதான். பாதி இடங்களில் அது தப்பு.

மூலம் லத்தீன். 'வெட்டுஸ்' என்றால் பழைய. ரோமப் படையில் நெடுங்காலம் பணி முடித்தவன் 'வெட்டரானுஸ்'. ஆக, பழசானது தொழில், உடம்பு அல்ல. 8 வயதில் தவில் பிடித்தவருக்கு 38 வயதில் 30 வருஷக் கணக்கு இருக்கிறது. இங்கிலீஷில் அவர் வெட்டரன்தான். நோட்டீஸில் 'மூத்த தவில் வித்வான்' என்று போட்டால், அதே மேடையில் உட்காரும் அவருடைய குருவை என்னவென்று போடுவீர்கள்? சிஷ்யருக்குக் 'கைதேர்ந்த', குருவுக்கு 'முதுபெரும்' என்று பிரித்துக்கொள்ளலாம். 'பழம் தின்று கொட்டை போட்டவர்' வாயால் சொன்னால் பாராட்டு, அச்சில் ஏறினால் நக்கல்.

வக்கீல்களிடம் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 'மூத்த வழக்கறிஞர்' என்பது 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ கொடுக்கிற தகுதி. தஞ்சாவூர் கோர்ட்டில் 40 வருஷம் வழக்காடியவர் எல்லாரும் அதில் வரமாட்டார்கள். 'நீண்டகால வழக்கறிஞர்' என்றால் வம்பில்லை.

அமெரிக்கச் செய்தி என்றால் முதலில் ராணுவத்தைத்தான் நினைக்க வேண்டும். அங்கே படையில் பணியாற்றி வெளியே வந்த 25 வயசுப் பையனும் வெட்டரன். நம் அரசுத் தமிழில் அதற்கு 'முன்னாள் படைவீரர்' தயாராக இருக்கிறது. 'வியட்நாம் வெட்டரன்' என்பதை 'வியட்நாம் வீரர்' ஆக்கினால் ஆள் எதிர்ப்பக்கம் போய்விடுவார்! 'வியட்நாம் போரில் பணியாற்றிய அமெரிக்கர்' என்று விரித்துத்தான் எழுத வேண்டும். இந்தியாவிலும் அந்த அர்த்தம் வந்துவிட்டது: பொங்கலை ஒட்டி ஜனவரி 14 அன்று கொண்டாடும் 'வெட்டரன்ஸ் டே', 1953இல் அதே நாளில் ஓய்வுபெற்ற ராணுவத் தளபதி கரியப்பாவை நினைத்து.

ஓட்டப்பந்தயத்தில் வெட்டரன் பிரிவு 35 வயதிலேயே ஆரம்பித்துவிடும். அதை 'முதியோர் ஓட்டம்' என்று எழுதினால் ஓடுகிறவர் நின்று சண்டைக்கு வருவார்.

சுருக்கிய 'வெட்' தனித் தலைவலி. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து வந்தவரும் வெட், அமெரிக்காவில் போர் முடித்து வந்தவரும் வெட். மாட்டு ஊசியா துப்பாக்கியா என்பது அடுத்த வரியில்தான் தெரியும். 'வேட்பாளரை வெட் பண்ணினார்கள்' என்றால் அலசிப் பார்த்தார்கள் என்று பொருள். பந்தயக் குதிரையைக் கால்நடை மருத்துவர் சோதித்த வழக்கத்தில் பிறந்த பேச்சு அது.