உப்புப் போட்ட வெந்நீர்

கார்ல் பிராஷியரைப் பற்றிய தன்னம்பிக்கைப் பதிவு ஒன்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண்ணில் பட்டுவிடுகிறது. அமெரிக்கக் கடற்படை டைவர், ஒரு கால் போச்சு, செயற்கைக் காலோடு மறுபடி கடலுக்குள் இறங்கினார், முயன்றால் முடியாதது இல்லை, கீழே ஒரு கும்பிடு. நாலு வரி. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முப்பத்தோரு வருஷம் சர்வீஸ் போட்ட மனிதரை இப்படி ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்வது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

1931-ல் கென்டக்கியில், அடுத்தவர் நிலத்தை விளைச்சலில் பங்கு பேசி உழுத கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியை எட்டிப் பார்த்தது இல்லை. 1948 பிப்ரவரியில், பதினேழு வயதில் கடற்படையில் சேர்ந்தார். படைகளில் நிறம் பார்க்கக் கூடாது என்று ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவு போட்டது அதே வருஷம் ஜூலை 26-ம் தேதி. உத்தரவு காகிதத்தில் வந்துவிட்டது, கப்பலுக்கு வந்து சேரத்தான் ரொம்ப நாள் ஆனது. கறுப்பராக இருந்தால் பெரும்பாலும் ஸ்டூவர்ட் வேலை, அதாவது அதிகாரிகள் மெஸ்ஸில் பரிமாறுவது, தட்டு எடுப்பது, அவர்கள் அறையைப் பெருக்குவது. பிராஷியருக்கும் முதலில் கொடுத்தது அதுதான்.

அப்புறம் ஒரு நாள் விமானம் தாங்கிக் கப்பல் ஒன்றில் இருந்து விமானம் கடலுக்குள் உருண்டு விழ, அதை மீட்க ஒரு டைவர் இறங்குவதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். மனு மேல் மனு போட்டு, ஒருவழியாக நியூ ஜெர்சியில் உள்ள டைவிங் பள்ளிக்குப் போனால், அங்கே அவர் படுக்கையில் மிரட்டல் சீட்டுகள். தண்ணீருக்குள்ளேயே உன் கதையை முடித்துவிடுவோம் என்கிற மாதிரி. இதைப் படிக்கும்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து டைவர், செம்புத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்குகிறார், மூச்சு விடுகிற காற்று மேலே இருந்து குழாய் வழியாக வருகிறது. அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்பவன்தான் அந்தச் சீட்டை எழுதியவனாகவும் இருக்கலாம். இந்த நிலைமையில் தினமும் இறங்கி ஏறி, 1954-ல் தேர்ச்சி பெற்று வெளியே வந்தார். அமெரிக்கக் கடற்படையின் டைவிங் பள்ளியில் தேறிய முதல் கறுப்பர்.

எனக்கு இந்த வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த பகுதி எந்த ஃபார்வர்டிலும் வராது. அடுத்த கட்டமான முதல்நிலை டைவர் படிப்பில் அவர் முதல் தடவை ஃபெயில். உடம்பால் இல்லை, பாடத்தால். டைவிங் என்றால் மூச்சடக்கிக் குதிப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் கரையும், சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும், மூட்டு வலியில் தொடங்கி உயிர் போவது வரை எதுவும் நடக்கலாம். எந்த ஆழத்தில் எத்தனை நிமிஷம் இருந்தால், ஏறி வரும்போது எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கணக்கும் இயற்பியலும் தெரிந்தாக வேண்டும். முப்பதைத் தொடுகிற வயதில், பாதியில் விட்ட படிப்பை மறுபடி உட்கார்ந்து படித்து, பள்ளிப் படிப்புக்கு ஈடான தேர்வை எழுதித் தேறி, திரும்பப் போய் 1963-ல் அதை முடித்தார். கால் கதையைவிட இது கஷ்டம் என்பது என் கட்சி. கால் ஒரு நொடியில் போனது. இதற்கு வருஷக்கணக்கில் ராத்திரி புத்தகத்தோடு உட்கார வேண்டும், பக்கத்தில் கைதட்ட ஆள் கிடையாது.

சரி, கால் கதை. 1966 ஜனவரி 17, ஸ்பெயினில் பாலோமாரெஸ் என்கிற ஊருக்கு மேலே, பி-52 குண்டுவீச்சு விமானமும் அதற்கு வானத்திலேயே எரிபொருள் நிரப்ப வந்த விமானமும் மோதிக்கொண்டன. நாலு ஹைட்ரஜன் குண்டுகள் கீழே வந்தன. மூன்று தரையில், ஒன்று கடலில். கடலில் விழுந்ததை மார்ச்சில் ‘ஆல்வின்’ என்கிற சிறிய நீர்மூழ்கி சுமார் 2,500 அடி ஆழத்தில் கண்டுபிடித்தது. எந்த டைவரும் போக முடியாத ஆழம் அது. பிராஷியருக்கு அடிபட்டதும் தண்ணீருக்குள் இல்லை, அந்தக் குண்டை எடுக்கப் போன ‘ஹோய்ஸ்ட்’ என்ற மீட்புக் கப்பலின் டெக்கில். கயிறு இழுத்த இழுப்பில் ஒரு இரும்புக் குழாய் பிய்த்துக்கொண்டு பறந்து வர, பக்கத்தில் இருந்தவரைத் தள்ளிவிட்டார், அது இவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே அடித்துவிட்டது.

காலைக் காப்பாற்றலாம், ஆனால் மூன்று வருஷம் ஆகும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, எடுத்துவிடுங்கள், நான் டைவிங்குக்குத் திரும்ப வேண்டும் என்றார் இவர். அவர்கள் சிரித்தார்களாம். எடுத்த பிறகு, மருத்துவமனையில் இருந்து நழுவிப் போய், தெரிந்தவர் நடத்திய டைவிங் பள்ளியில் இறங்கி, இறங்கியதற்கு அத்தாட்சியாகப் போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டார். அலுவலகம் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்த ஆள்!

பிறகு, டைவிங்குக்கு இன்னும் தகுதி இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைக் காலம். தினமும் மற்றவர்களோடு ஓட்டம், உடற்பயிற்சி. ஓடிவிட்டு வந்து பொய்க்காலைக் கழற்றினால் உள்ளே ரத்தம் தேங்கி நிற்கும். மருத்துவப் பிரிவுக்குப் போனால் பதிவு பண்ணிவிடுவார்கள், பதிவானால் வேலை போய்விடும். அதனால் யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, ஒரு வாளி வெந்நீரில் உப்பைப் போட்டு வெட்டுப்பட்ட காலை முக்கி வைத்துக்கொள்வாராம். பல வருஷம் கழித்து அவரே சொன்னது.

இதைத் தன்னம்பிக்கை என்று பகிர எனக்கு மனசு வரவில்லை. அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு சல்யூட், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் புண்ணைக் காட்டினால் வேலை போய்விடும் என்று ஒரு மனிதர் ஒளிந்து உட்கார்ந்த இடத்துக்கு நாம் மாலை போடுகிறோமே, அது உறுத்துகிறது. 1968-ல் முழுப் பணிக்கும் டைவிங்குக்கும் திரும்பினார், கால் இழந்த ஒருவர் அமெரிக்கக் கடற்படையில் டைவராக மறு அங்கீகாரம் பெற்றது அதுவே முதல் தடவை. 1970-ல் மாஸ்டர் டைவர், அதிலும் முதல் கறுப்பர். மாஸ்டர் டைவர் என்றால் கீழே போகிற எல்லாருடைய உயிரும் அவர் கணக்கில். மேலே நின்று, போதும் ஏறு என்று சொல்கிறவர் அவர்தான். குழாயின் அந்தப் பக்கம் கடைசியில் அவரே வந்து நின்றார்.

அதே எழுபதுகளில் குடி அவரைப் பிடித்தது, சிகிச்சைக்குப் போக வேண்டி வந்தது, முதல் திருமணம் முறிந்தது. இதையும் அவர் மறைக்கவில்லை. நாம்தான் மறைக்கிறோம், நினைவஞ்சலி என்றாலே வெள்ளையடித்துவிட வேண்டும் என்று நமக்கு ஒரு பழக்கம்.

1979-ல் ஓய்வு. 2006 ஜூலையில், காலை எடுத்த அதே போர்ட்ஸ்மவுத் கடற்படை மருத்துவமனையில் இறந்தார், 75 வயது. 2008-ல் அவர் பெயரில் ஒரு கப்பலைக் கடலில் இறக்கினார்கள். போர்க்கப்பல் இல்லை, நடுக்கடலில் இருக்கிற கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமானும் வெடிமருந்தும் கொண்டுபோய்க் கொடுக்கிற சரக்குக் கப்பல். மெஸ்ஸில் தட்டு எடுக்கச் சேர்த்த பையன் பெயரைத் தேடிப் பிடித்து இந்தக் கப்பலுக்குத்தான் வைக்க வேண்டுமா என்று முதலில் கோபம் வந்தது. இப்போது அப்படி இல்லை, அவருக்குச் சிரிப்புதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.