ராஜா முன்னே, சிப்பாய் பின்னே

ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும் மட்டும் இருந்தால் செக்மேட் செய்ய முடியுமா? செஸ் பழகும் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. எதிரில் இருப்பது தனி ராஜா என்றால், சிப்பாய் சிப்பாயாகவே இருக்கும்வரை முடியாது. பலகையில் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் நிற்கும் ராஜாவுக்கு நேர் எதிரே நம் ராஜா நின்று மூன்று கட்டங்களை அடைக்கும், சிப்பாய் செக் சொல்லும். ஆனால் இடமும் வலமும் திறந்தே கிடக்கும். மூலையில் மாட்டினாலும் ஒரு கட்டம் மிஞ்சும். ஆகவே அந்தச் சிப்பாய் எட்டாம் வரிசையைத் தொட்டு ராணியாகவோ யானையாகவோ மாறியே ஆகவேண்டும்.

இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்கிறேன். ஓப்பனிங்கில் பதினைந்து நகர்த்தல்களை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, கடைசியில் கையில் நிற்கும் ஒரு சிப்பாயைக் கரை சேர்க்கத் தெரியவில்லை என்றால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

எனக்கும் அப்படி ஒரு ஆட்டம் கைநழுவிப் போயிருக்கிறது. ஒரு சிப்பாய் அதிகம், ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் ராஜாவைப் பின்னால் விட்டுவிட்டுச் சிப்பாயைத் தள்ளிக்கொண்டே போனேன். ஏழாம் வரிசைக்குச் செக்கோடு போனது. எதிரி ராஜா அதன் எதிரே எட்டாம் வரிசைக்கு வந்து நின்றது. சிப்பாயைக் காப்பாற்ற என் ராஜாவை அதன் பின்னால் வைத்தேன், ஸ்டேல்மேட்: செக் இல்லை, ஆனால் எதிரிக்கு நகர்த்த ஒரு கட்டமும் இல்லை, ஆகவே டிரா. வேறெங்கு வைத்திருந்தாலும் சிப்பாய் போயிருக்கும். நான்கு மணி நேர உழைப்புக்கு அரைப் புள்ளி.

முறை இதற்கு நேர் எதிரானது. ராஜா முன்னே நடக்க வேண்டும், சிப்பாய் பின்னே வர வேண்டும். சிப்பாய் ஐந்தாம் வரிசையிலும் அதன் முன்னே ராஜா ஆறாம் வரிசையிலும் நின்றால், யார் முறை என்றாலும் வெற்றிதான். அதற்குக் கீழே இருக்கும்போதுதான் ஆப்போசிஷன் தேவைப்படும்: இரண்டு ராஜாவும் ஒரு கட்டம் இடைவிட்டு எதிரெதிரே நிற்க, நகர வேண்டிய கட்டாயம் எதிரிக்கு இருக்க வேண்டும். அவர் ஒதுங்கும் பக்கத்துக்கு மறுபக்கமாக நாம் முன்னேறலாம். ஓரச் சிப்பாய் மட்டும் விதிவிலக்கு. எதிரி ராஜா அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் டிராதான்.

அப்புறம் ஒரு விஷயம். எதிராளியின் கடிகாரம் தீர்ந்துபோகும்போது அவரிடம் தனி ராஜா, நம்மிடம் தனிக் குதிரை என்றால் டிரா. ஆனால் ஒரு சிப்பாய் இருந்தால், அது ராணியாக வழியிருக்கும்வரை நமக்கு வெற்றி. சட்டமே சிப்பாயை அப்படி மதிக்கிறது!

இந்தக் கூட்டணி எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசையிருந்தால் 1895இல் வெளிவந்த சாவேத்ரா நிலையைப் பலகையில் அடுக்குங்கள். வெள்ளைக்கு ராஜாவும் சிப்பாயும், கறுப்புக்கு ராஜாவும் யானையும். டிரா என்றுதான் முதலில் அச்சானது. வெற்றி இருப்பதைக் கண்டுபிடித்தவர் ஃபெர்னாண்டோ சாவேத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார். யானை செக் மேல் செக் கொடுக்க, வெள்ளை ராஜா ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வரும். கடைசியில் சிப்பாயை ராணியாக்கினால் யானை தன்னையே பலிகொடுத்து ஸ்டேல்மேட் வாங்கிவிடும். சாவேத்ரா அதை யானையாக்கினார். உடனே மேட் மிரட்டல். கறுப்பு யானை தடுக்க ஓடிவரும். வெள்ளை ராஜா ஒரே ஒரு அடி எடுத்துவைக்கும். அந்த ஒரு அடியில் யானைக்கும் ஆபத்து, மூலையில் நிற்கும் ராஜாவுக்கும் மேட் மிரட்டல். இரண்டையும் சேர்த்துத் தடுக்க கறுப்புக்கு வழியே இல்லை.