உட்கார்ந்திருக்கிற பறவையை எழுப்பாதீர்கள்

கண்மாயில் ஓய்வெடுத்த வாத்துகளைக் கைதட்டி எழுப்பி எடுத்து, இணையத்தில் போட்ட அந்தப் படத்தைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தேன். "ஒரு கைதட்டலுக்கு இவ்வளவு அழுகையா" என்று நேற்று ஒருவர் எழுதியதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

கைதட்டல் மட்டும் இல்லை, கல்லும் விழுந்தது. கண்மாய் நிரம்பி வழிகிற கலுங்குப் பக்கம் நின்று நானே பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை எப்படி இருந்தது என்று காரைக்குடிப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். மூன்று நாள் தூறல், சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் வெயில், ராத்திரி மறுபடி மழை, விடிந்தால் வாடைக்காற்று. கண்மாய் நடுவில் நீலச்சிறகி வாத்துகள் அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு மிதந்தன. அரைக் கிலோகூட இல்லாத பறவை, ஐரோப்பாவிலிருந்தும் வட ஆசியாவிலிருந்தும் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. ராத்திரி மேய்ந்துவிட்டுப் பகலில் ஓய்வெடுக்கிற வாத்து அது. அதன் தூக்க நேரத்தில்தான் கல் விழுந்தது.

"சிறகு இருப்பதே பறக்கத்தானே" என்கிறார்கள். சரி, சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்தால் கூட்டமே எழும்பும்தான், நானும் பார்க்கிறேன். அதை யாரும் தடுக்க முடியாது. மழையில் நனைந்து இரை கிடைக்காமல் இருக்கிற நாளில், அதோடு நாமும் சேர்ந்து விரட்ட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. "மாடு குளிப்பாட்டுகிறவனைக் கேட்டாயா" என்று இன்னொருவர். அவர் தினமும் ஒரே பாதையில் வருகிறார், மடையான் கொக்கு பத்தடி தள்ளி நின்றபடி அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அவர் கல் எறிவதில்லை.

கூடு வைத்திருக்கிற இடத்தில் இது இன்னும் மோசம். பக்கத்தில் இருக்கிற வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் மழைக்காலம்தான் நாரைகளுக்கும் கொக்குகளுக்கும் குஞ்சு பொரிக்கிற காலம். தாய்ப்பறவை எழுந்துபோனால் முட்டை நனையும், காக்கை தூக்கிக்கொண்டு போகும். கூட்டையும் முட்டையையும் கலைப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேட்டை என்றே சொல்கிறது. வேட்டங்குடி 1977இல் சரணாலயம் ஆனது, ஆனால் அதை ஒட்டி இருக்கிற கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது சட்டத்துக்குப் பயந்து இல்லை. சின்ன வயதில் அப்பச்சியோடு ஸ்கூட்டரில் அங்கே போனபோது, கரையில் இருந்த பெரியவர் ஒருவர் "வண்டிய அங்கனயே நிப்பாட்டிட்டு நடந்து வாங்க, குஞ்சு இருக்கு" என்றார். அப்பச்சி ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் எஞ்சினை நிறுத்தினார்கள். தீபாவளிக்கு வெடியையே விட்டுவிட்ட ஊர் பக்கத்தில் இருக்கும்போது, நம்மால் ஒரு கல்லைக் கீழே போட முடியவில்லை.

நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்கிறார்கள். ஆமாம், படுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள், விழுந்து கிடந்த புளியமரத்தடியில் நனைந்த உண்ணிக்கொக்கு ஒன்றை எடுத்தேன். கையில் கனமே இல்லை. துணியில் சுற்றி அடுப்பங்கரையில் வைத்தோம், அப்பத்தா ராத்திரி முழுக்கத் தூங்காமல் பார்த்துக்கொண்டார்கள். விடிவதற்குள் செத்துப்போனது. நனைந்த பறவை எவ்வளவு லேசாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அதற்கப்புறம் மழை நாளில் ஒரு கூட்டம் காரணமில்லாமல் எழும்பினால் எனக்கு அந்தக் கனமில்லாமைதான் ஞாபகம் வருகிறது.

"நீயும்தானே படம் எடுக்கிறாய்" என்றால், எடுக்கிறேன், உட்கார்ந்து காத்திருந்து எடுக்கிறேன். பல நாள் ஒன்றும் கிடைக்காமல் திரும்பியிருக்கிறேன்.

படம் எடுத்தவர் எனக்குப் புதியவர் இல்லை, அதுதான் தாங்கவில்லை. போன பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் என் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு "அண்ணே, அது ஊசிவால் வாத்தா?" என்று மெதுவாகக் கேட்ட பிள்ளை. அன்றைக்கு ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அந்தப் படத்துக்குக் கீழே நான் போட்ட கமெண்ட்டை அழித்தது அவன்தான். அழித்ததுகூடப் பரவாயில்லை, ஒரு போன் செய்திருக்கலாம்.

நாளைக் காலையும் போகிறேன். இப்போதே மேகம் கட்டியிருக்கிறது, தூறினாலும் போவேன். வாத்துகள் திரும்பி வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தம்பி, நீ வந்தால் வண்டியை ஐயனார் கோயிலிலேயே நிறுத்திவிட்டுக் கரையோரம் நடந்து வா. பைனாகுலர் கொண்டுவருகிறேன்.