எம்புட்டு தூரத்துல இருக்கு?

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் எங்கள் ராமநாதபுரம் கரையில் பறக்கும் தட்டுகளின் நடமாட்டம் கூடிவிடும். வானத்தில் இல்லை, செல்போனில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையோடு கிடக்க, கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டே ஆட்கள் ஏலியன் ஆவணப்படம் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே கரகரத்த தமிழ்க் குரல், "விஞ்ஞானிகளே மிரண்டுபோனார்கள்" என்று. நானும் ஒன்று விடாமல் பார்க்கிற ஆள்தான். பிடிக்கும் என்பதால்தான் கோபமும் வருகிறது.

இந்தப் படங்களில் முழுப் பொய் குறைவு. தெரிந்த விஷயத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை மர்மம் என்று காட்டுவார்கள். அதுதான் இவர்களுடைய தொழில்.

'கோ ஃபாஸ்ட்' வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் அமெரிக்கக் கடற்படைப் போர் விமானம் எடுத்தது. 2020இல் அவர்களுடைய பாதுகாப்புத் துறையான பென்டகனே அதிகாரபூர்வமாக வெளியிட்டது. கடலுக்குச் சற்று மேலே ஒரு வெள்ளைப் புள்ளி தெறித்து ஓடுகிறது. விமானிகள் குதூகலத்தில் கத்துகிறார்கள். நமக்கும் சிலிர்க்கும். பக்கத்து வீட்டு மாமா இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்விதான் கேட்டார்: "எம்புட்டு தூரத்துல இருக்குனு சொன்னானாடா?"

சொல்லவில்லை. ஆனால் அந்தத் திரையிலேயே எழுதியிருக்கிறது! விமானத்தின் உயரம் 25,000 அடி, கேமரா எத்தனை டிகிரி கீழே பார்க்கிறது, பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எல்லாமே ஓரத்தில் எண்களாக ஓடுகின்றன. நாசா அமைத்த குழு 2023இல் அந்த எண்களை வைத்தே கணக்குப் போட்டது. அந்தப் பொருள் கடலை ஒட்டி இல்லை, ஏறக்குறைய 13,000 அடி உயரத்தில் இருந்திருக்கிறது. வேகம் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர். அந்த உயரத்தில் காற்றே அந்த வேகத்தில் அடிக்கும். பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது பக்கத்துக் கம்பிகள் பின்னால் பாய்வதுபோல் தோன்றுமே, அந்தக் கதைதான். பாய்ந்தது விமானம். புள்ளி பாட்டுக்குக் காற்றோடு போயிருக்கிறது. அது என்ன பொருள் என்பது வேறு கேள்வி. ஆனால் 'நம்ப முடியாத வேகம்' என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. நான் பார்த்த படங்களில் ஒன்றுகூட அந்த ஓரத்து எண்களைப் பெரிதாக்கிக் காட்டவில்லை. சிலவற்றில் சேனல் லோகோவை அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள்.

மாமாவுக்கு அந்தக் கேள்வி வந்தது பெரிய அதிசயமில்லை. நாட்டுப்படகில் ராத்திரி தொழிலுக்குப் போகிறவர். இருட்டில் ஒரு வெளிச்சம் தெரிந்தால் அது பக்கத்து வல்லத்தின் டார்ச்சா, தூரத்துக் கப்பலா என்று பிரகாசத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. கொஞ்ச நேரம் போகவிட்டு, அது எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார்கள். தூரம் தெரியாமல் அளவும் தெரியாது, வேகமும் தெரியாது. விடிவெள்ளி அடிவானத்தில் சிவப்பும் பச்சையுமாக மினுக்குவதை எத்தனையோ முறை பார்த்தவர்கள் அவர்கள். (இதே மாமா தனுஷ்கோடியில் பேய் உலாவுகிறது என்று சத்தியம் செய்வார். தட்டை நம்பமாட்டார், பேயை நம்புவார். சரி, விடுங்கள்.)

அரசாங்கம் மறைக்கிறதா என்றால், மறைத்திருக்கிறது. அமெரிக்காவின் ரோஸ்வெல் ஊர்ப் பக்கம் 1947இல் விழுந்ததை வானிலை பலூன் என்றார்கள். சோவியத் அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்கப் பறக்கவிட்ட 'மோகுல்' திட்டத்து பலூன் அது என்று 1994இல்தான் விமானப்படை ஒப்புக்கொண்டது. ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் வந்த பறக்கும் தட்டுப் புகார்களில் பாதிக்கு மேல் தங்கள் உளவு விமானங்கள்தான் என்று அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் வரலாற்றாசிரியரே 1997இல் எழுதினார். உச்சிப்புளியில் கடற்படையின் 'பருந்து' தளம் இருக்கிற ஊர்க்காரனுக்கு இது புரியாதா? அங்கே இருந்து ஆளில்லா விமானம் கிளம்பி ராத்திரி கடல்மேல் சுற்றும்போது, விருந்துக்கு வந்திருந்த என் சித்தி மொட்டைமாடியிலிருந்து அலறியது தெரு முழுக்கக் கேட்டது.

அப்புறம், பறக்கும் தட்டுப் புகார்களை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் 'புளூ புக்' திட்டம். அதில் விளக்கம் கிடைக்காதவை 701 என்று அடித்துச் சொல்வார்கள். உண்மைதான். மொத்தம் விசாரித்தது 12,618 என்பதை மட்டும் விழுங்கிவிடுவார்கள். எல்லாம் புரட்டு என்றும் நான் சொல்லவரவில்லை. 2004இல் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான 'நிமிட்ஸ்'இன் விமானிகள் சான் டியேகோ பக்கத்துக் கடலில் பார்த்ததற்கு எல்லோரும் ஏற்கிற விளக்கம் இன்னும் வரவில்லை. அதை அப்படியே விட்டாலே நல்ல படம் கிடைக்கும். பொறுமை இல்லை. அடுத்த காட்சியிலேயே பெரிய கண்ணும் சாம்பல் தோலுமாக கிராபிக்ஸ் பொம்மை வந்து நிற்கும்.

இந்த வியாதி இப்போது எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. தனுஷ்கோடிக்குக் கேமராவோடு வருகிறார்கள். பொழுது சாய்ந்ததும் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், இடிந்த தேவாலயத்தைப் பட்டப்பகலில் எடுத்து எடிட்டிங்கில் இருட்டாக்கி, "இந்த ஊர் ஏன் ஒரே இரவில் மறைந்தது?" என்று கேட்கிறார்கள். இதில் மர்மம் என்ன இருக்கிறது? 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலைக் கடல் அடித்துப் போனதில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மர்மக் குரலில் கேட்கிறவர்கள் அந்த ரயிலைப் பற்றி வாயே திறப்பதில்லை.

பிழைத்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் ஓலைக் குடிசைகளில் இருக்கிறார்கள். சங்கும் சிப்பிமாலையும் விற்கிறார்கள். அடுத்த முறை கேமராவோடு வருகிற தம்பிகள் தேவாலயத்திலிருந்து அப்படியே திரும்பிவிடாமல் அந்தக் குடிசைப் பக்கம் போங்கள். உட்காரவைத்துப் பேசுவார்கள், மீனும் பொரித்துத் தருவார்கள். மீனுக்குக் காசு கேட்பார்கள். பேரம் பேசாமல் கொடுங்கள்.