கண் பெரிதாக இருந்ததால் கழற்றப்பட்ட படம்

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் ஓவியப் போட்டியில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். என்னை டேக் செய்து "சார், அது உங்க ஸ்டூடண்ட்தானே?" என்று கேட்டவர்களுக்கு: ஆமாம், என் மாணவிதான். பதினோரு வயது. சுவரிலிருந்து படத்தைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்து, மைக்கைக்கூட அணைக்காமல் "இது உன் படம் இல்லம்மா, ஜப்பான்காரன் படம்" என்று சொன்னவர் நடுவராக வந்த மூத்த ஓவியர். பெயரை நான் எழுத மாட்டேன், நீங்களும் கமெண்ட்டில் எழுத வேண்டாம். அவருடைய நிலக்காட்சிகள்மேல் எனக்கு மரியாதை உண்டு. சனிக்கிழமை வரை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். கோபம் குறையவில்லை, பதிவுதான் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குழந்தைகளுக்கு மாங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைப் பாணியில் கார்ட்டூன் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். இனியும் சொல்லிக்கொடுப்பேன். பார்த்து வரைவது திருட்டு இல்லை. வரையக் கற்றுக்கொள்ள மனிதனுக்குத் தெரிந்த மிகப் பழைய வழி அதுதான்.

அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று வீடியோவில் சரியாகத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். ஒரு பாட்டி ஊசியில் நூல் கோக்கிறாள். மூக்குக் கண்ணாடி நுனி மூக்குக்கு இறங்கியிருக்கிறது. ஒரு கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள், மற்ற கண் விரிந்து ஊசிக் காதையே பார்க்கிறது. ஆமாம், அந்தக் கண் பெரிது. மாங்கா கண். ஆனால் அந்தக் கண்ணுக்குக் கீழே மூன்று சுருக்கம் இருந்தது. மாங்கா பார்ப்பவர்களுக்குத் தெரியும், அந்தப் பாணியில் முகத்தில் கோடு சேர்ப்பது எவ்வளவு ஆபத்து என்று. ஒரு கோடு கூடினாலும் முகம் அழுக்காகத் தெரியும். எந்த மாதிரிப் படத்திலும் இல்லாத அந்தச் சுருக்கத்தை அவளே நான்கு தாளை வீணாக்கிக் கண்டுபிடித்தாள். எந்த ஜப்பான்காரன் அவளுடைய பாட்டியை வரைந்து வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, கை. இந்தப் பாணியில் வரையும் குழந்தைகளைக் கவனித்தவர்கள் இப்போது சிரிப்பீர்கள். எல்லாக் கதாபாத்திரமும் கையைப் பின்னால் கட்டியிருக்கும், இல்லாவிட்டால் பாக்கெட்டுக்குள் விட்டிருக்கும். விரல் வராது, அதுதான் காரணம். ஒரு கண்ணை முடி மறைத்திருக்கும். கேட்டால் ஸ்டைல் என்பார்கள். இரண்டாவது கண் முதல் கண்ணோடு ஒத்துவராததுதான் அந்த ஸ்டைல். இந்தப் பெண்ணும் ஒரு வருடம் கையே வரையாமல் ஓட்டியவள். அவள் இப்போது வரைந்திருப்பது ஊசி பிடித்த இரண்டு கை, பத்து விரல். அந்த மைக்கில் இதை ஒருவர் சொல்லியிருக்கலாம். நடுவர் கண்ணை மட்டும் பார்த்தார்.

சரி, கமெண்ட்டில் வந்த "காப்பி" என்ற வார்த்தைக்கு வருகிறேன். அன்றைக்கு அதே சுவரில் எத்தனை படத்தில் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அடியில் ஓர் ஆறு, ஓரத்தில் ஒரு வீடு, மேலே டிக் அடித்த மாதிரி நான்கு பறவை இருந்தன என்று வீடியோவை நிறுத்தி எண்ணிப் பாருங்கள். நான் ஏழு வரை எண்ணினேன். அந்தக் குழந்தைகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களும் யாரோ வரைந்ததைப் பார்த்து வரைந்தவர்கள்தான். ஆனால் அந்த மலையை யாரும் யாருடைய மலை என்று கேட்கவில்லை. பழகிப்போன காப்பிக்குப் பெயர் இயற்கைக் காட்சி, பழகாத காப்பிக்குப் பெயர் திருட்டு. அப்படித்தானே?

மைக்கேலாஞ்சலோ சிறுவனாக இருந்தபோது ஷோன்கவர் என்ற ஜெர்மானியரின் அச்சுப்படம் ஒன்றைப் பார்த்து அப்படியே வரைந்து வண்ணம் தீட்டினார். வான்கோ 1887-இல் ஹிரோஷிகேயின் அச்சுப்படங்களைப் பார்த்து வரைந்தார். அதில் பிளம் மரத் தோட்டத்தைக் கட்டம் போட்டுப் படியெடுத்திருக்கிறார், அந்தக் கட்டத் தாள் இன்னும் இருக்கிறது. வான்கோ கட்டம் போட்டால் கலை வரலாறு. என் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் கட்டம் போட்டால் "ஜப்பான்காரன் படம்". இத்தனைக்கும் வான்கோ பார்த்ததும் ஜப்பான்காரன் படம்தான்!

அந்த ஜப்பான்காரர்களாவது யாரையும் பார்க்காமல் வரைந்தார்களா? ஒசாமு தெசுகா, 1928-இல் பிறந்தவர், மருத்துவம் படித்தவர், இந்தப் பெரிய கண்களை ஊரறியச் செய்தவர். அவருடைய ஆஸ்ட்ரோ பாய் கார்ட்டூன் தொலைக்காட்சிக்கு வந்தது 1963 ஜனவரி 1-இல். அவருக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது? டிஸ்னியின் அமெரிக்க கார்ட்டூன்களிலிருந்து வந்தது. டிஸ்னியின் மான்குட்டிப் படத்தை அவர் எண்பது தடவைக்கு மேல் பார்த்தார் என்று சொல்வார்கள். சிறுவயதில் அம்மாவோடு பார்த்த தகராசுகா மேடை நாடகங்களில் கண்ணுக்குப் போடும் ஒப்பனையும் அதில் உண்டு. ஆக, நடுவர் ஐயா கழற்றியது ஜப்பான் கண்ணையா, அமெரிக்கக் கண்ணையா? கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

அதற்கும் முன்னால் போகலாம். ஹொகுசாய் என்ற ஜப்பானிய ஓவியர் 1812-இல் ஒரு வரைகலைக் கையேடு போட்டார். காம்பஸையும் ஸ்கேலையும் வைத்து வட்டம், சதுரம் போட்டு, அதிலிருந்து மாட்டையும் பறவையையும் மனிதனையும் எப்படி எடுப்பது என்று காட்டும் புத்தகம். 1814-இல் அவர் தொடங்கிய பதினைந்து தொகுதிகளின் பெயரே 'ஹொகுசாய் மாங்கா'. (தமிழில் மாங்கா என்றால் திட்டு என்பது எனக்கும் தெரியும். வகுப்பில் முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் அதற்குத்தான் சிரிக்கிறார்கள்.) அந்தத் தொகுதிகளும் மாணவர்கள் பார்த்து வரைந்து பழகுவதற்கான மாதிரிகள். "முதலில் ஒரு வட்டம் போடு" என்று நான் சொல்வதற்கு இருநூறு வருட வயது இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்புறம் "இயற்கையான படைப்பாற்றல்". இதை ஒரு நண்பர் மிகவும் அன்பாக எழுதியிருந்தார். குழந்தைக்கு எதையும் காட்டக் கூடாது, அதன் மனதிலிருந்து வர வேண்டும் என்று. இது புதிய கருத்து இல்லை. கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-லேயே பார்த்து வரைவதையும் வண்ணம் தீட்டும் புத்தகங்களையும் எதிர்த்தவர், ஆசிரியர்கள் பல தலைமுறையாக அவரைப் படித்தார்கள். ஆனால் 1977-இல் பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் என்ற கலைக் கல்வி ஆய்வாளர்கள் வளரும் பிள்ளைகளை உட்கார வைத்து "இதை எங்கே பார்த்தே?" என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்டார்கள். ஏறக்குறைய எல்லாமே எங்கோ பார்த்த படத்திலிருந்து வந்தவை, காமிக்ஸும் டிவியும் உட்பட. நாம் காட்டாவிட்டாலும் குழந்தை பார்க்கும். ஒரு குழந்தை 'அ' எழுதுவது அடுத்தவர் எழுதிய 'அ'வைப் பார்த்துத்தான். சுழியைச் சொந்தமாகக் கண்டுபிடி என்று யாரும் சொல்வதில்லை.

"அளவு கெட்டுவிடும், பிறகு உண்மையான மனித முகம் வரவே வராது" என்பது அடுத்தது. இதை நானே ஒரு காலத்தில் நம்பினேன். இப்போது தலைகீழாகத்தான் தெரிகிறது. வளர்ந்த மனிதனின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை. சிபி என்று சொல்கிற குட்டி உருவத்துக்கு இரண்டு அல்லது மூன்று தலைதான். தலையை வைத்து உடம்பை அளக்க வேண்டும் என்பதே பல பிள்ளைகளுக்கு சிபி வரையும்போதுதான் புரிகிறது, மூன்று என்பது எண்ணுவதற்குச் சுலபம் என்பதால். முட்டைமேல் ஒரு சிலுவைக் கோடு போட்டு, அதைக் கொஞ்சம் திருப்பி, தூரத்துக் கண் பக்கத்துக் கண்ணைவிட ஒடுக்கமாக வரும் என்று காட்டினால் அது எந்த நாட்டு முகத்துக்கும் பொருந்தும். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கண்மணியில் அந்த வெள்ளைப் புள்ளியை வைக்க முடியாது. அது ஒளி பற்றிய பாடம். மேல் இமைக்குத் தடித்த கோடு, கீழ் இமைக்கு மெலிந்த கோடு. அது பென்சிலை அழுத்தும் பாடம். கண்ணையும் மூக்கையும் தொடாமல் புருவத்தையும் வாயையும் மட்டும் மாற்றி ஐந்து முகம் வரை என்று சொல்லிப் பாருங்கள், அறை பூராவும் பிள்ளைகள் தங்கள் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்.

ஜப்பானிலேயே நடுநிலைப் பள்ளிக் கலைப் பாடத்திட்டத்தில் 1998-இல் மாங்காவைச் சேர்த்துவிட்டார்கள். அது 2002-இல் நடைமுறைக்கு வந்தது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் 2019-இல் தனிக் கண்காட்சியே வைத்தது. சுவரில் மாட்டினார்கள். கழற்றவில்லை.

"நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது" என்று எழுதியவர்களுக்கு நேரம் செலவழிக்க மனமில்லை. மீன்விழி, மான்விழி, காதளவோடிய கண் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த மொழி நம்முடையது. காது வரை ஓடிய கண்ணை யாராவது உள்ளபடி வரைந்து பாருங்கள். எந்த மாங்காக்காரனும் அவ்வளவு தூரம் போகவில்லை.

அந்தப் படக்கதைகளில் வயதுக்கு ஒவ்வாதவையும் உண்டு என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். நியாயம். உண்டு. எதைப் பார்க்கக் கொடுக்கிறோம் என்பதைப் பெரியவர்கள்தான் கவனிக்க வேண்டும். நான் கவனிக்கிறேன். அவ்வளவுதான்.

ஆனால் "பிள்ளைகள் கேட்பதைக் கொடுத்தால்தானே வகுப்பு நிரம்பும், வியாபாரம்" என்று எழுதியவரே, உங்களுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். நீங்கள் என் வகுப்புக்கு வந்ததில்லை. என் வகுப்பு நிரம்புவதும் இல்லை, அது வேறு விஷயம். நான் இதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு கணக்கு நோட்டு.

ஏழாம் வகுப்பில் என் கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்கப் படக்கதை நாயகர்கள். வாரப் பத்திரிகையில் வந்ததைப் பார்த்து வரைந்தது, பிறகு அவர்களுக்கு நானே வேறு சட்டை, வேறு சண்டை கொடுத்தது. ஒருநாள் அது டிராயிங் மாஸ்டர் கைக்குப் போனது. கணக்கு வாத்தியாரிடம் போயிருந்தால் இரண்டு அடியோடு முடிந்திருக்கும். மாஸ்டர் அடிக்கவில்லை. வகுப்புக்கு முன்னால் ஒவ்வொரு பக்கமாகத் தூக்கிக் காட்டி "இதுல இவன் வரைஞ்சது எது? சொல்லுங்க பாப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு நான் பென்சிலை எடுத்துப் படம் என்று ஒன்று வரைந்தது இருபத்தாறு வயதில். நடுவில் பதினான்கு வருடம். அந்தப் பதினான்கு வருடத்தில் என் கை எவ்வளவு பழகியிருக்கும் என்று சில ராத்திரி கணக்குப் போட்டுப் பார்ப்பேன். சித்திரம் கைப்பழக்கம் என்று மேடையில் முழங்குகிறோம், பழகுகிற கையைத் தட்டிவிடுகிறோம்.

இதையெல்லாம் சொல்வதால் நான் எல்லாம் சரியாகச் செய்கிறேன் என்று அர்த்தம் இல்லை. ஆரம்பத்தில் படிப்படியாகப் பார்த்து வரையும் தாள்களை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். வருடக் கடைசியில் படங்களை வரிசையாக மாட்டினால் இருபது படத்திலும் ஒரே முகம், முடி நிறம் மட்டும் வேறு. அன்றைக்கு எனக்கே வெட்கமாக இருந்தது. அதன் பிறகுதான் "உன் வீட்டில் ஒருவரை இந்தப் பாணியில் வரைந்து வா" என்று மாற்றினேன். நடுவர் அந்த இருபது முகத்தைப் பார்த்துத் திட்டியிருந்தால் தலைகுனிந்து கேட்டிருப்பேன். அவர் திட்டியது பாட்டியை.

இந்த "வீட்டில் ஒருவர்" பயிற்சியில்தான், மாதக்கணக்கில் என்னிடம் வாய் திறக்காத ஒரு பையன் தன்னையே சிபியாக வரைந்து கொண்டுவந்தான். தலைக்குப் பக்கத்தில் மூன்று வியர்வைத் துளி, கையில் மதிப்பெண் அட்டை, பின்னால் ஒரு பெரிய நிழல். நெற்றியில் கோப நரம்புக் குறி போட்ட நிழல். அவனாகச் சொல்லியிருக்க ஆறு மாதம் ஆகியிருக்கும். அந்த வியர்வைத் துளியும் கடன் வாங்கியதுதான். வேறு எந்த வார்த்தையில் அவன் அதைச் சொல்லியிருப்பான்?

எழுத வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் விட மனம் வரவில்லை. 2025 மார்ச்சில் ஆளாளுக்குத் தங்கள் குடும்பப் போட்டோவைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து ஜப்பானிய கார்ட்டூனாக மாற்றிப் போட்டது நினைவிருக்கிறதா? நடுவர் ஐயாவின் முகநூல் பக்கத்தைப் போய்ப் பாருங்கள். அவருடைய முகப்புப் படம் இன்றைக்கும் அதுதான். கன்னம் சிவந்து, கண் பெரிதாக, அழகாகத்தான் இருக்கிறார். மெஷின் பத்து விநாடியில் போட்டுக்கொடுத்தால் முகப்புப் படம், ஒரு குழந்தை நான்கு தாளைக் கிழித்துப் போட்டு வரைந்தால் ஜப்பான்காரன் படம்.

அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டால் அவளிடம் கேட்கட்டும், மைக்கோடு.

நேற்று வகுப்பு இருந்தது. வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்துவிட்டாள். மூலையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வரைந்தாள். ரப்பரே எடுக்கவில்லை. முடித்ததும் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஓர் ஆறு, நான்கு பறவை. "சார், இத அனுப்பினா எடுத்துப்பாங்களா?" என்றாள்.

எடுத்துக்கொள்வார்கள்மா. நிச்சயமாக எடுத்துக்கொள்வார்கள்.